அண்ணனுக்கு ஒதுக்கிய அரைப் பக்கம்

எங்கள் பத்திரிகை ஆசிரியர் அம்மாவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. கேட்காவிட்டாலும் சொல்லுவார். குடித்த டம்ளரைக் கழுவி வைக்காதவன் ஜனநாயகத்தைப் பற்றித் தலையங்கம் எழுதக் கூடாது என்பது அதில் ஒன்று. அதனாலேயே எங்கள் அலுவலகத்தில் ஒரு எச்சில் டம்ளரைப் பார்க்க முடியாது. அரசியல்வாதியெல்லாம் திருடன் என்று யாராவது பொத்தாம்பொதுவாகப் பேசினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எந்தத் திருடன், எதைத் திருடினான், அதைச் சொல்லு. இல்லேன்னா வாயை மூடு" என்பார். செய்தியில் 'கூறப்படுகிறது' என்று எழுதிவிட்டால் போச்சு. "யாரு கூறினா? உன் மாமியாரா?"

எங்களுடையது மாதம் ஒருமுறை வரும் ஊர்ப் பத்திரிகை. நான் அதில் பக்கங்களை வடிவமைக்கிறவன். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அவரைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. ஒருவரைக் குறை சொல்லி எழுதினால், அச்சுக்குப் போகும் முன் அந்த ஆளையே வரவழைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுவார். பதில் சொல்ல அதே பக்கத்தில் அதே அளவு இடமும் தருவார். "முதுகுக்குப் பின்னாடி பேசறதுக்குப் பேரு வம்பு. அதுக்குப் பத்திரிகை எதுக்கு, தெருமுனை போதுமே" என்பார்.

போன தேர்தலுக்கு முன்னால் அந்த வழக்கம் அவருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. நகர்மன்ற உறுப்பினரான அவருடைய அண்ணன், புதுக் குடிநீர்க் குழாயைத் தன் தெருவுக்கு முதலில் இழுத்துக்கொண்டார். மேட்டுத் தெருக்காரர்கள் இன்னும் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள். ஆசிரியரே அலைந்து விசாரித்து அரைப் பக்கம் எழுதினார். பெற்றவர்கள் போன பிறகு அவருக்கென்று இருக்கும் ஒரே சொந்தம் அந்த அண்ணன்தான். "விட்டுடலாமேம்மா" என்றேன். அவர் முறைத்த முறைப்பில் கணினிக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் வந்தார். எதிரே உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார் தங்கை. மனிதருக்கு முகம் சுண்டிப்போனது.

"இது வந்தா நான் தோத்துடுவேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா. பதில் சொல்லு. அரைப் பக்கம் உனக்கு இருக்கு."

"எனக்கு எழுத வருமா? பள்ளிக்கூடத்துலயே என் கட்டுரையெல்லாம் நீதானே எழுதிக் குடுத்தே. இதையும் நீயே எழுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியரோ பேனாவை எடுத்துவிட்டார். குற்றம் சொன்னவரே அதற்குப் பதிலும் எழுதுகிற கூத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதையும் ஏனோதானோவென்று செய்யவில்லை.

"சொல்லுண்ணா. ஏன் உன் தெரு முதல்ல?"

"பொறியாளர் அப்படித்தான் திட்டம் போட்டார்."

எழுதினார், வாசித்தார். அண்ணன் தலையைச் சொறிந்தார். "வேணாம், அடிச்சிடு. அந்த ஆளே படிச்சுட்டுச் சிரிப்பார்."

அடுத்து, தங்கள் தெருவில் வயதானவர்கள் அதிகம் என்றார். ஆசிரியர் அதை எழுதிய அழகில் எனக்கே மனசு இளகிவிட்டது. கேட்டு முடித்த அண்ணன் தங்கையை நிமிர்ந்து பார்த்தார்.

"மேட்டுத் தெருவுலயும் வயசானவங்க குடம் தூக்கறாங்க, இல்ல?"

"தூக்கறாங்கண்ணா. நான் பார்த்தேன்."

"அதையும் அடிச்சிடு."

இப்படி ஒவ்வொன்றாக அடித்து அடித்து, கடைசியில் ஒரே வரி மிஞ்சியது. 'என் தெரு என்பதால்தான் முதலில் போட வைத்தேன், செய்தது தப்பு.'

அதைப் பக்கத்தில் வைத்தேன். மேல் பாதியில் தங்கையின் கட்டுரை நிறைந்திருக்க, கீழ்ப் பாதியில் அந்த ஒரு வரியும் வெறும் வெள்ளையும். கண்ணை உறுத்தியது. மீதி இடத்தில் ஒரு விளம்பரம் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அது எங்க அண்ணனோட இடம். அவரைக் கேளு" என்றார் ஆசிரியர்.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே விடுங்க தம்பி. அதுல போட என்கிட்ட ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். ஊரையே வாங்கு வாங்கென்று வாங்குகிற எங்கள் ஆசிரியர் அவசரமாக நாற்காலியை விட்டு எழுந்தார். இந்தப் படியைத் தாண்டினால் இனி வரவே மாட்டாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. கூடப் பிறந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"அண்ணா, சாப்பிட்டியா?" என்றார்.

"எங்க சாப்பிட்டேன்? நீ கூப்பிட்டேன்னு அப்படியே ஓடி வந்தேன்" என்று சொன்ன அண்ணன், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.