கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

"தகட்டுல கை வெக்காதேன்னு எத்தினி வாட்டிம்மா சொல்றது?"

பெங்களூரு ஜீவனஹள்ளியில் முனிராஜ் இதைச் சொல்லாத நாள் கிடையாது. பால்காரரிடம் சொல்வார், கரண்ட் பில் கொண்டுவருகிறவரிடம் கன்னடத்தில் சொல்வார், பூனையிடமும் சொல்வார். பூனைக்கு மட்டும் குரலில் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

தொழில் அப்படி. செம்புத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து, மெழுகு பூசி, ஊசியால் படம் கீறி, ஆசிட்டில் இறக்குவார். கீறின இடத்தை மட்டும் ஆசிட் தின்னும். ஆனால் விரல் பட்ட இடத்தில் மெழுகு சரியாக ஒட்டாது. அதையும் சேர்த்துத் தின்றுவிடும். எலெக்ட்ரானிக் சிட்டி ஃபிளாட்டுக் கதவுகள் வரைக்கும் அவர் கீறிய பெயர்கள் தொங்குகின்றன.

இந்த முறை பெயர் இல்லை, முகம். தெருக்கோடி விகாரைக்குப் புத்தர். விகாரைச் சங்கத்தில் தானே கேட்டு வாங்கிய வேலை.

மெழுகு பூசுமுன் தகட்டில் ஒரு பஞ்சுத் துணுக்கு கிடந்தது. அவர் மனைவி பிரபா அதைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான்.

ஆசிட்டிலிருந்து தகடு எழுந்தபோது புத்தரின் கன்னத்தில் ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல். பிரபா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளாகக் கேட்கிற வசவு, இன்றைக்குத்தான் நியாயமாக வரப்போகிறது. மனுஷர் இத்தனை ஆசையாகச் செய்ததைக் கெடுத்துவிட்டோமே!

"நான்தாங்க. பஞ்சு கெடந்துச்சு."

முனிராஜ் சுரண்டு கத்தியை எடுத்தார். ரேகை போய்விடும், கூடவே கன்னமும் போகும். கத்தியை வைத்துவிட்டு, அவள் கையை முந்தானையிலிருந்து உருவி, கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இன்னாங்க பண்றீங்க? திட்டுறதுன்னா திட்டிடுங்க!"

"சும்மா இரு. கொஞ்சுற மாதிரி இல்ல?"

சாயங்காலம் சங்கச் செயலாளர் நரேஷ் வந்தான். ஐ.டி. கம்பெனிக்காரன், தெருவிலும் மீட்டிங்கில் பேசுவது போலவே பேசுவான்.

"அண்ணா, ஜஸ்ட் ஃபீட்பேக், தப்பா எடுத்துக்காதீங்க. முகம் சூப்பர். ஆனா யாரோ கை வெச்சி ஃபினிஷிங்கையே கெடுத்துட்டாங்களே! இதப் போயி விகாரையில எப்படிண்ணா மாட்டுறது? வேற ஒண்ணு பண்ணிடலாமா?"

பிரபா எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். முனிராஜ் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தகட்டை நரேஷின் மடியில் வைத்தார்.

"நம்ம பாட்டன் பூட்டனத் தொடக்கூடாதுன்னு ஊரே தள்ளி வெச்சிச்சு, அதனாலதானடா தம்பி நாம இவர்கிட்ட வந்தோம்? எங்க வீட்டம்மா ஆசையா கன்னத்தத் தொட்டிருக்கா, அவரே சிரிச்சிக்கினு இருக்காரு, உனக்கு இன்னாடா வலிக்குது? எடுத்துப் போயி மாட்டு!"