வெள்ளை விளக்கு எரிந்த குத்து

எழுபதுகளில் திருவள்ளூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். எங்கள் வெல்ஃபேர் ஆபீசருக்கு வாள்வீச்சென்றால் உயிர். ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் ஹாலில் ஆட்டம் நடக்கும். நான்கு பேர் சுற்றி நின்று, குத்து பட்டதைப் பார்த்தால் கை தூக்குவார்கள். ஆபீசர் தீர்ப்புச் சொல்வார். யாருக்குப் பட்டது என்று தினமும் தகராறுதான்.

அதனால் மெட்ராஸிலிருந்து ஒரு பழைய மெஷினை வாங்கி வந்தார். வாள் நுனியில் பட்டன், பிடியிலிருந்து மெஷினுக்கு ஒயர், உடம்பில் ஜரிகை மாதிரி உலோக இழை ஓடிய கோட்டு. கோட்டில் பட்டால் கலர் விளக்கு எரியும். வேறெங்கே பட்டாலும் வெள்ளை விளக்கு, பாயின்ட் கிடையாது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது.

அந்த வருஷம் பெங்களூரில் நடந்த வாள்வீச்சுப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, வெல்டர் தேசிங்கும், கடம்பத்தூரிலிருந்து வரும் லேத் ஆபரேட்டர் கன்னியப்பனும் கடைசி ஆட்டத்தில் மோதினார்கள். நாலுக்கு நாலு. அடுத்த பாயின்ட் எடுப்பவனுக்குப் பெங்களூர். தேசிங்கு பாய்ந்து குத்தினான். கன்னியப்பன் விலாவில் வாள் வில்லாக வளைந்தது. எரிந்ததோ வெள்ளை விளக்கு.

கன்னியப்பன் முகமூடியைக் கழற்றினான். "கோட்டு மேலதான் பட்டுச்சு சார். பாயின்ட் அவனுக்குக் குடுங்க."

"வெள்ள லைட்டு எரிஞ்சிருக்கேப்பா. எப்படிக் குடுக்கறது?" என்றார் ஆபீசர்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். வியர்வையில் ஊறி அந்த இடத்து இழை கரண்ட் ஓடாமல் செத்திருந்தது. சொன்னேன். ஆபீசர் ரூல் புத்தகத்தைப் புரட்டினார். விளக்கு காட்டாததைக் கொடுக்க ரூலில் இடமில்லை. கோட்டை மாற்றிக்கொண்டு ஆடச் சொன்னார்.

அடுத்த குத்து கன்னியப்பனுடையது. கலர் விளக்கே எரிந்தது. அவன் முகத்தில் சிரிப்பில்லை.

தேசிங்கு பெஞ்சில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா தேசிங்கு, அவன் மேல கோவமா?"

"அவன் மேல இன்னாத்துக்குண்ணே கோவம்? அவன்தான் வாயத் தொறந்து சொன்னானே. இனிமே ஆட்டத்துக்கு முன்னாடி நான் அவன் கோட்டக் குத்திப் பாத்துக்கறேன். அவன் என்னுதப் பாத்துக்கட்டும்."

மறுநாளிலிருந்து அதுவே எங்கள் கேன்டீன் ஆட்டத்தின் வழக்கமாயிற்று. கன்னியப்பன் பெங்களூரில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினான். அடுத்த போட்டிக்குத் தேசிங்கு போனான்.

பிறகு கும்மிடிப்பூண்டிக்கு வேலை மாறினேன். அங்கே மெஷின் ஒன்றைக் காட்ட, ஆபரேட்டர் வேறொன்றைச் சொன்ன நாட்கள் நிறைய. ஆளைத் திட்டுவதற்கு முன் ஒயரைச் சோதித்தேன். பாதி நேரம் ஆள் சொன்னதுதான் சரியாக இருந்தது.