எண்ணூற்றைம்பது ரூபாய் மடக்குக் கத்தி

ஹார்டுவேர் கடையில் ஆணி விற்பது சுலபம், பெயிண்ட் விற்பது அதைவிடச் சுலபம், ஆனால் அறுபது ரூபாய்க்கு மடக்குக் கத்தி கிடைக்கிற ஊரில் எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்றை விற்க நிற்பவன் போன பிறவியில் யாருக்கோ பெரிய கெடுதல் செய்திருக்க வேண்டும். கடையில் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "இது இந்த விலைக்குத் தகுமா?" என்ற கேள்விக்கு ஒரு நாளில் இருபது முறை சிரித்த முகத்தோடு பதில் சொல்லி, கடைசியில் இரண்டு ரூபாய் வாஷரைக் கொடுத்து அனுப்பியவர்கள்தானே நீங்களும்.

எங்கள் கடை விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. நானும் என் மனைவி மல்லிகாவும் சேர்ந்து பார்க்கிறோம். என்ன சரக்கு வாங்குவது என்பது என் முடிவு, அதை எப்படி விற்பது என்பது அவள் கவலை. பதினாறு வருடம் இப்படித்தான் ஓடியது, போன சித்திரை வரைக்கும்.

ஒரு டஜன்

மல்லிகா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரர் பையோடு வந்தார். அதிகம் பேசவில்லை. கத்தியை ஒரு கையால் விரித்தார், 'டிக்' என்று லாக் விழுந்தது. விரல் தடிமன் நைலான் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தார். இடது கையில் ஓர் அங்குலத்துக்கு முடியை மழித்துக் காட்டினார். "லாக் விழுந்துட்டா நீங்களா விட்டாத்தான் சார் மடங்கும்" என்று சொல்லிக் கத்தியை என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கனமும் அந்தச் சத்தமும் போதும், நான் விழுந்துவிட்டேன். ஒரு டஜன் எடுத்துக்கொண்டேன்.

நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்த மல்லிகா பன்னிரண்டு டப்பாக்களையும் பார்த்தாள், விலையைக் கேட்டாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஏற்கெனவே வாங்கிய சோலார் டார்ச்சுகள் விற்காமல் பரணில் தூங்கின. அந்தப் பரணை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "ஆடி பதினெட்டுக்குள்ள பன்னண்டும் போயிடுச்சின்னா, இனிமே நீங்க எதை வாங்கினாலும் நான் வாயத் தொறக்கல. ஒண்ணு நின்னாலும், இனிமே கம்பெனிக்காரங்க வந்தா நான் பேசிக்கிறேன், நீங்க டீ வாங்கப் போயிடுங்க."

தட்டிப் பார்த்தவர்

எங்கள் ஊர் செராமிக் ஊர். கப்போ ஜாடியோ வாஷ்பேசினோ, நகத்தால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். 'ணங்' என்றால் நல்ல சரக்கு, 'டொக்' என்றால் உள்ளே கீறல். பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் வாளியைச் சுண்டிப் பார்ப்பவர்களும் உண்டு, நாங்கள் சிரிக்க மாட்டோம். என் கத்திக்கு முதல் வாடிக்கையாளராக வந்தவர் கலியமூர்த்தி. செராமிக் கம்பெனியில் முப்பது வருடம் சூளை பார்த்தவர். சரக்கு நல்லதா கெட்டதா என்று அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சுக் கிடையாது.

கத்தியை வாங்கி முதலில் மடக்கியபடியே சுண்டினார். டொக். விரித்துச் சுண்டினார். டொக். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை சுண்டினார். முகம் வாடிவிட்டது. இது கைப்பிடி ஒன்று, பிளேடு ஒன்று, நடுவில் திருகாணி, அதனால் பீங்கான் மாதிரி கேட்காது என்று நான் விளக்கிச் சொன்னேன். இழவு வீட்டில் ஆறுதல் சொல்பவர் போல என் தோளில் கை வைத்தார். "உள்ள கீறல் இருக்குது தம்பி. வெளிய தெரியாது. யாரோ உங்க தலையில கட்டிட்டாங்க."

முடி தீர்ந்த கதை

கலியமூர்த்தி அந்தச் செய்தியை டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கத்தியைச் சுண்டினார்கள், டொக் என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஆணி வாங்கிக்கொண்டு போனார்கள். விடக்கூடாது என்று நானும் கம்பெனிக்காரர் செய்து காட்டிய வித்தையில் இறங்கினேன். ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அங்குலம் என்று இடது கை முடியை மழித்துக் காட்டினேன். பத்து நாளில் இடது கை தீர்ந்தது. வலது கையை மழிக்க இடது கையால் கத்தி பிடிக்க வேண்டும், அதில் இரண்டு பிளாஸ்திரி செலவானது. கத்தி ஒன்றும் போகவில்லை.

பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் ஏழுமலை இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் நான் லுங்கியைத் தூக்கிக் கெண்டைக்காலைத் தடவி யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தான். "அண்ணே, கால் வரைக்கும் போங்க, நான் எதுவும் கேக்கல. தலையில மட்டும் கை வெச்சிடாதீங்க, அது என் பொழப்பு."

பலாப்பழப் பரீட்சை

வைகாசியில் கம்மாபுரத்திலிருந்து தங்கராசு என்ற விவசாயி வந்தார். மோட்டார் பம்புக்கு வாஷர் வாங்க வந்தவர். டி.வி.எஸ். வண்டியின் முன்னால் பெரிய பலாப்பழம் ஒன்று சாக்கில் இருந்தது. கத்தியைக் கையில் வாங்கிப் புரட்டினார். சுண்டவில்லை, அதிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. "இந்தப் பழத்த அறுத்துக் காட்டுங்க. அறுத்துட்டா வாங்கிக்கிறேன்" என்றார்.

மூன்று அங்குலக் கத்தியால் பலாப்பழத்தைப் பிளப்பது என்ன வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் ஆனது. கல்லாப்பெட்டி, தராசு, என் சட்டை, எல்லாவற்றிலும் பிசின். ஆனால் கத்தி நின்றது, பிளேடு ஆடவில்லை, லாக் நழுவவில்லை. வாசனை பிடித்து ஏழுமலை வந்தான், அவனிடம் பாதி முகம் மழித்துக்கொண்டிருந்தவரும் வந்தார், பஸ்ஸுக்கு நின்றவர்களும் வந்தார்கள். சுளை முழுக்கத் தீர்ந்ததும் தங்கராசு கொட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு எழுந்தார். "கத்தி..." என்று நான் இழுத்தேன். "கத்தி நல்ல கத்திதாங்க, அதுல ஒண்ணும் பழுது சொல்ல முடியாது. ஆனா அறுக்கறதுக்குத்தான் இப்ப பழம் இல்லையே."

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் அந்தக் கத்தியில் கறை போகவில்லை. விற்க முடியாது என்று தெரிந்ததும் மல்லிகா அதை எடுத்துக் கடை உபயோகத்துக்கு வைத்துக்கொண்டாள்.

பார்சல்

சண்முகம் சார் ஓய்வுபெற்ற வாத்தியார். பலாப்பழம் தின்றவர்களில் ஒருவர். மூன்று நாள் தொடர்ந்து வந்தார். என்ன ஸ்டீல், எத்தனை கிராம், துரு பிடிக்குமா, உத்தரவாதம் உண்டா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இந்த விலைக்குத் தகும் என்று முழுதாக ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். நான்காவது நாள் வரவில்லை. நெட்டில் இதே மாதிரி கத்தி நாற்பது ரூபாய் குறைவு என்று பேரன் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்துக் கையில் அட்டைப்பெட்டியோடு வந்தார். சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. தயங்கியபடி, அதைப் பிரிக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். மல்லிகா பலாப்பழக் கத்தியைக் கவுன்டரில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், சண்டை வரும் என்பார்கள். அன்றைக்குக் கையில் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சார் டேப்பை அறுத்தார், உள்ளேயிருந்து புதுக் கத்தி வெளியே வந்தது. விரித்தார், ஆட்டிப் பார்த்தார், பிளேடு கடகடவென்று ஆடியது. எங்கள் கத்தியையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் வாங்கினது இதுதான். ஆனா இதைப் பிரிக்கறதுக்கு உங்களுதுதான் நல்லா இருக்குது."

சூளைக்குப் போய் வந்த கத்தி

ஆனி பாதி கழிந்தது. பன்னிரண்டில் ஒன்றுகூட விற்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து புதுச் சரக்கைப் புரட்டிப் பார்க்கிற அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் கடையே வைத்திருக்கிறேன். அது போய்விட்டால் மீதி எல்லாம் ஆணி எடை போடுவதுதான்.

அந்த நேரத்தில் கலியமூர்த்தி கொடிக்கயிறு வாங்க வந்தார். மல்லிகா பத்து மீட்டர் அளந்து, கறை படிந்த கத்தியால் ஓர் இழுப்பு இழுத்தாள், கயிறு துண்டானது. கலியமூர்த்தியின் கண் கத்தியில் நின்றது. இது அந்தக் கீறல் கத்திதானே என்று கேட்டார். "ஆமாங்க. ஒரு மாசமா கயிறு, தண்ணி ஓஸு, அட்டப்பெட்டி எல்லாம் இதுலதான்" என்றாள். சுண்டிப் பார்த்தார். டொக்தான். "விலை என்னாம்மா?" என்றார். "இது விக்கிறதுக்கு இல்லைங்க. என்னுது. வேணும்னா புதுசு இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளுக்குக் கயிறு அளக்கப் போய்விட்டாள்.

கலியமூர்த்தி அந்தக் கத்திக்காக மூன்று நாள் நடந்தார். புது டப்பாவைத் திறந்து காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் மல்லிகா பெருமூச்சு விட்டுத் தன் கத்தியைக் கவுன்டரில் வைத்தாள். பிசின் கறையோடு, முழு விலைக்கு. எனக்கே வெட்கமாகி, புதுசு வேண்டாமா என்று நானும் ஒரு முறை கேட்டேன். அவர் கத்தியை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார். "பச்ச மண்ணு எல்லாம் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் தம்பி இருக்கும். சூளைக்குப் போய் ஒடையாம வந்தது எதுவோ, அதுதான் சரக்கு."

வாரம் நாலு கத்தி

அவர் திரும்பவும் டீக்கடைக்குப் போனார். இந்த முறை வேறு செய்தி. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் உபயோகித்த கத்தி இருக்கிறதா என்று கேட்டார்கள். புதுக் கத்தியைத் தொடவே இல்லை. ஊர் உலகத்தில் பழைய சாமானைப் புதுசு என்று சொல்லி விற்பார்கள். எங்கள் கடையில்தான் புதுக் கத்தியைப் பழசாக்கி விற்கும் நிலைமை வந்தது.

மல்லிகா கணக்காக வேலை பிரித்தாள். ஒன்று கயிறு அறுக்க, ஒன்று ஓஸ் அறுக்க, ஒன்று வீட்டில் முருங்கைக்காய்க்கு, ஒன்று என்னிடம் அட்டைப்பெட்டி பிரிக்க. வாரம் முடிந்ததும் நாலும் போகும், அடுத்த நாலு வேலைக்கு வரும். எது எதை அறுத்தது என்று கேட்டவர்களுக்கு அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். முருங்கைக்காய்க் கத்திக்குத்தான் போட்டி. பாத்திரக்கடைக்காரர் ஒருவர் மூன்று நாளான கத்தியை வேண்டாம் என்று வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு நாளு போவட்டும்மா. அவசரமில்ல, நல்லா வேலை செஞ்சதா எடுத்து வையுங்க."

ஆடி பதினெட்டு

ஆடி பதினேழாம் தேதி பதினொன்று போயிருந்தது. யார் விற்றால் என்ன, பேச்சு பேச்சுதான் என்று மல்லிகாவே ஒப்புக்கொண்டாள். மீதி இருந்தது ஒன்று, என் சட்டைப்பையில். மூன்று வாரமாக என்னிடம் இருந்தது. இதோ கொடுத்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்திருந்தேன். சிமென்ட் மூட்டையின் தையல் பிரித்தது, சிக்கிக்கொண்ட ஷட்டர் பூட்டை நெம்பியது, சேலம் ரயிலில் மாம்பழம் நறுக்கியது எல்லாம் அதுதான். சும்மா இருக்கும்போது விரித்து மடக்கி அந்த 'டிக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கத்தி எனக்குப் பிடித்துப்போயிருந்தது, வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

பதினெட்டு அன்று மதியம் தங்கராசு வந்தார். இந்த முறை பழம் இல்லை, பணம் இருந்தது. தொண்ணூறு நாளில் எனக்கென்று வந்த நல்ல நேரம் அது ஒன்றுதான். கொடுத்தால் பந்தயம் என் பக்கம், இனிமேல் என் கொள்முதலில் யாரும் வாய் திறக்க முடியாது. மல்லிகா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையில் கை விட்டேன், கத்தியைப் பிடித்தேன், கை வெளியே வரவில்லை. "இது விக்கிறதுக்கு இல்லைங்க. என்னுது" என்றேன். தங்கராசு சிரித்தார். "இந்த வசனத்தத்தான் உங்க வூட்டம்மா ஊருக்கே சொல்லிட்டாங்களே. இன்னும் நூறு சேத்துத் தரேன், எடுங்க" என்றார். நான் நிஜமாகச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவருக்கு ஆசை கூடியது, ஆயிரத்து இருநூறு வரைக்கும் ஏறினார். கடைசியில் கோபித்துக்கொண்டு வாஷர்கூட வாங்காமல் போய்விட்டார்.

மல்லிகா சிரித்து முடிக்க நேரமானது. அடுத்த வாரம் அதே கம்பெனிக்காரர் புதுப் பையோடு படியேறினார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் எழுந்து வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, என் சட்டைப்பை மேட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்: "சாருக்குச் சக்கரை கம்மியா ஒரு டீ. கத்தி பையிலதான இருக்குது, பாத்துப் போயிட்டு வாங்க."

அந்தக் கத்தி அந்த விலைக்குத் தகுமா என்று இன்னமும் கேட்பவர்களுக்கு, எண்ணூற்றைம்பது ரூபாயோடு பதினாறு வருட அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்து வாங்கியவன் என்ற முறையில், தினமும் டீக்கடைக்குப் போகிற வழியில் நின்று ஆமாம், தகும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.