சைரன் ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தருமபுரத்தில் நாலு பேர் விசாரித்தார்களாம். நாலு பேராவது படிக்கிறார்களே!

ஊரில் இல்லை. பசிபிக் கடலில், பிரெஞ்சுக் கொடி பறக்கும் ஒரு தீவுக்குப் போயிருந்தேன்.

என் மகள் கயல் அங்கே ஒரு நிக்கல் சுரங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய மைத்துனர் வீட்டுக் கல்யாணம் பக்கத்துத் தீவில். கயலுக்கு லீவு இல்லை. ஆனால், நாங்கள் போகும் சின்ன விமானம் அவள் ஊரில் காலையில் இறக்கிவிட்டு, மதியம் மறுபடி ஏற்றிக்கொள்ளும். போதாதா?

மனதில் ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஊர் சரியில்லை என்றால் மகளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது. மனைவியிடம் சொன்னேன்.

"அவ என்ன, நீங்க மறந்து வச்ச குடையா... எடுத்துட்டு வர?" என்றாள் சரசு.

ஊர் சரியில்லைதான். மலை சிவப்பு, ரோடு சிவப்பு, வெள்ளை நாய்கூடச் சிவப்பு. ஒரு சர்ச், ஒரே ஒரு கடை. கடலுக்குள் நீண்டு, கப்பலில் சுரங்க மண்ணைக் கொட்டும் ஒரு கன்வேயர் பெல்ட். அவ்வளவுதான். ஆனால், கயல் சந்தோஷமாக இருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் கவலை. இங்கே எப்படி ஒருத்தி சந்தோஷமாக இருக்க முடியும்?

அம்மாவும் மகளும் ரொட்டி வாங்கக் கடைக்குள் போனார்கள். நான் வாசலில் நின்றேன். திடீரென்று சைரன்!

நான் காரைக்கால்காரன். சுனாமி அன்று பட்டினச்சேரியிலிருந்து ஓடி வந்தவர்களின் முகங்களைப் பார்த்தவன். கடலோரத்தில் சைரன் கேட்டால் எங்கள் கால்களுக்கு ஒரே திசைதான் தெரியும் — கடலுக்கு முதுகு, மேட்டுக்கு முகம்.

"கயல்... சரசு... ஓடி வாங்க!" என்று கத்திக்கொண்டே மலைப் பாதையில் ஓடினேன். பின்னாலேயே வருகிறார்கள் என்றுதான் நினைப்பு. எதிரே ஜனங்கள் சாவகாசமாகக் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இப்படியும் ஒரு பைத்தியக்கார ஊரா?

மேலே ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டி, பிரெஞ்சில் ஏதோ கத்தினார். சீக்கிரம் வரச் சொல்கிறார், எவ்வளவு நல்ல மனிதர்! 'மெர்சி, மெர்சி' என்று பிரெஞ்சிலேயே நன்றி சொல்லி, மூச்சிரைக்க இன்னும் வேகமாக ஓடினேன்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். கயல்! ஒற்றைக் காலில் செருப்பு. முகம் வெளிறிப் போயிருந்தது.

"எங்கப்பா போறீங்க? மேல வெடி வைக்கப் போறாங்க! இங்க சைரன் அடிச்சா மலைய விட்டுக் கீழ இறங்கணும்ப்பா!"

கொடிக்காரர் வாக்கி டாக்கியில் சொல்லி, வெடியை நிறுத்தி வைத்தார். ஒரு சுரங்கமே எனக்காகக் காத்திருந்தது! நாங்கள் கைகோத்து இறங்கி வருவதை ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டத்தில் சரசுவும் ரொட்டியோடு நின்றாள்.

"என்னங்க, மலை நல்லா இருந்துச்சா?"

பதில் சொல்வதற்குள், டமார்! தரை அதிர்ந்தது. மலை உச்சியில் செந்தூசி கிளம்பியது. கயலின் கையை நான் விடவில்லை. அவளும் என் கையை விடவில்லை. வெடிக்குப் பயந்து அல்ல... அது அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

விமானத்தில் ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! பயத்தைக் கொண்டுபோகலாமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. நம் ஊரில் உயிர் காக்கும் பயம், அடுத்த ஊரில் ஆளைக் கொண்டுபோய் வெடிமேல் நிறுத்திவிடுகிறது.

மதியம் விமானத்தடியில் கயல் கேட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களாமே? அம்மா சொன்னாங்க. இப்ப என்னப்பா சொல்றீங்க?"

"நீ இங்கயே இரும்மா" என்றேன்.

வேறென்ன சொல்வது? அந்த ஊரில் அவளுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை — அப்பா வராமல் இருந்தால் போதும்.