இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் மேலாண்மைப் பாடம் நடத்தினேன். சரியாக முடிவெடுப்பது எப்படி என்று அதில் ஒரு பகுதி உண்டு. தாளின் நடுவே கோடு போட்டுச் சாதகம், பாதகம் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுங்கள், பலனை வைத்து முடிவை எடைபோடாதீர்கள் என்பேன். அப்படிச் சொன்னவன் வீட்டில் செய்ததை எழுதிவிடுகிறேன்.

போன ஆண்டு என் மனைவியின் வலது கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை மங்கியது. அறுவை சிகிச்சை செய்தால் மிச்சப் பார்வை தங்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நான் தாளில் கணக்குப் போட்டேன். செய்வதே சரி என்று வந்தது. அவள் தாளைத் தொடவில்லை.

"கண்ணு என்னோடது. மார்க்கு நீங்க போடுறீங்களா? பூக்கட்டிப் பாப்போம்."

வெள்ளை வந்தால் செய்வது, சிவப்பு வந்தால் விடுவது. நாகல் நகர்ப் பூக்கடையில் அரளி வாங்கிவந்து நான்தான் பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். விளக்கின் முன் அவள் ஒன்றை எடுத்தாள், சம்மதித்தாள். அறுவை முடிந்தபின் கிருமி தொற்றி அந்தக் கண் முழுதாகப் போய்விட்டது.

செய்யாவிட்டாலும் போயிருக்கலாம். என் பாடத்தின்படி முடிவில் தவறில்லை. ஆனால் அவள் டம்ளருக்கு வெளியே காபி ஊற்றும்போதெல்லாம் அந்தப் பாடம் எனக்கே விளங்காமல் போகிறது.

சென்ற வாரம் இடது கண்ணிலும் அழுத்தம் என்றார்கள். "திரும்பப் பூக்கட்டுங்க" என்றாள். பூவை வாங்கிவந்தேன். காகிதத்தை மடிக்கக் கை வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னைக்கே தெரியும். இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்தேன்."

"அப்பறம் ஏன் சம்மதிச்ச?"

"சாமியே கும்பிடாத மனுசன் பூவுல திருட்டு வேலை பாக்குறாரே, எம்புட்டு பயந்திருப்பாருன்னு நெனச்சேன்."

"இப்ப எதுக்குக் கட்டச் சொன்ன?"

"வாயத் தொறக்குறீங்களான்னு பாக்கத்தான். போன வருசம் கணக்குப் போட்ட தாள எடுத்து வாசிங்க."

வாசித்தேன். பாதகப் பக்கத்தில் கிருமித்தொற்று என்ற வரியே இல்லை. மருத்துவர் அதைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுத மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்பதுதான் நினைவில் இல்லை.

"புதுத் தாள் எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றாள். கோடு போட்டேன்.

"எனக்குப் பயமா இருக்கு. இத எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

கோட்டின் மேலேயே எழுதினேன்.