கிளிமீனும் அப்பாவின் ஆறு ஏக்கரும்

தஞ்சாவூரில் நான் விலங்கியல் படித்த கல்லூரியிலிருந்து கடலைப் பார்க்க பஸ் ஏறித்தான் போகவேண்டும். ஆனாலும் எங்கள் துறைத்தலைவர் கடல்மீன்களுக்கு ஏகபோக அத்தாரிட்டி. அவர் ஜாடியில் போட்டு லேபிள் ஒட்டிவிட்டால், மீனே எழுந்து வந்து மறுத்தாலும் செல்லாது.

செய்முறைத் தேர்வில் என் முன்னால் இரண்டு ஜாடிகள். ஒன்றில் ‘மஞ்சள் கிளிமீன்’, மற்றதில் ‘பச்சைக் கிளிமீன்’. ஃபார்மலினில் ஊறி இரண்டுமே சலவை வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தன. பற்கள் ஒட்டி அலகாகிப்போன அதே வாய், அதே பெரிய செதில். பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, வெள்ளை மணலாகக் கழிக்கிற மீன் இது. பெண் மஞ்சளாகத் திரியும். கூட்டத்துப் பெரிய ஆண் செத்தால், பெண்களில் ஒன்று ஆணாகிப் பச்சைக்கு மாறிவிடும். நூலகத்தில் படித்ததை நம்பி, “இரண்டும் ஒரே இனம்” என்று எழுதித் தொலைத்தேன்.

“ஏம்மா, லேபிள்ல ரெண்டு பேரு இருக்கே, கண்ணு தெரியலியா?” என்றார் துறைத்தலைவர்.

“பேருதான் ரெண்டு, மீன் ஒண்ணுதான் சார்.”

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “பொண்ணு சொல்றது சரிதாங்க” என்றார். மதிப்பெண் கிடைத்தது. லேபிள்கள் மட்டும் அசையவில்லை.

பாஸாகி என்ன? உதவித்தொகை வராவிட்டால் அடுத்த வருஷம் படிப்பு கிடையாது. ‘தகப்பனார் நிலமற்ற கூலி’ என்ற தாளில் துறைத்தலைவர் ஒப்பமிட வேண்டும். எங்கள் ஊர் மிராசுதாரும் அவர்தான். ஆட்சி மாறிய மறுநாளே கரைவேட்டிக்கு மாறிய கொள்கைவீரர். அப்பா அவருடைய பண்ணையாள்.

“உங்கப்பா பேர்ல ஆறு ஏக்கர் இருக்கேம்மா. நான் எப்படிப் பொய் எழுதறது?”

அடடா, அரிச்சந்திரன்! நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அப்பாவிடம் ஏதோ காகிதத்தில் கைநாட்டு வாங்கினாரே, அது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. விளைந்த நெல்லெல்லாம் அவர் களத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

“அப்படியா சார்? அப்ப இந்தக் குறுவையை நாங்களே அறுத்துக்கிறோம்.”

உடனே கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

அதன் நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, என் சாமர்த்தியத்தை அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சோற்றில் வைத்த கையை அப்பா எடுக்கவே இல்லை.

“ஆறு ஏக்கர் நம்ம பேர்ல இருக்குன்னு அவரே சொன்னாரா?”

“ஆமாப்பா.”

“அப்பறம் எதுக்கும்மா எனக்கு நெலமே இல்லேன்னு அவருகிட்டயே எழுதி வாங்கிட்டு வந்த?”