வாசிக்காமல் வெளியே போகாது

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவில் இருக்கிறது கோதண்டம் மியூசிக்கல்ஸ். கடையை இப்போது நடத்துவது கோதண்டத்தின் மூத்த மருமகள் முத்துச்செல்வி. பம்பை, உடுக்கை, தபேலா, தோலக், ஆர்மோனியம், கிடார் என்று எதைக் கேட்டாலும் எடுத்துத் தருவாள். எதையும் கச்சேரி அளவுக்கு வாசிக்கத் தெரியாது. எது வாய்திறந்து பேசுகிறது, எது மூக்கடைத்துப் பேசுகிறது என்பது தெரியும்.

கோதண்டம் ஒரு துண்டு நிலத்தை விற்று, மைக்செட் வாடகைக்கு விட ஆரம்பித்தவர். பிறகு கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தார். கேசட்டுக்கு வேலை இல்லாமல் போனபோது வாத்தியங்களுக்கு மாறினார். கேசட் அடுக்கிய மர அலமாரி இன்னும் இருக்கிறது. அதன் சின்னச் சின்ன அறைகளில் இப்போது கிடார் கம்பிகள். முன்பு பஜனைக் கோஷ்டிகள் ஜால்ராவுக்கு வந்தன. கம்பெனிகள் வந்த பிறகு, முதல் போனஸ் வாங்கியவர்கள் கிடாருக்கு வந்தார்கள். ஒரகடத்தில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் தோலக்குக்கு வந்தார்கள். மாறாமல் இருந்தது கோதண்டம் போட்ட ஒரு சட்டம்தான்: வாசித்துப் பார்க்காமல் எந்த வாத்தியமும் கடையை விட்டு வெளியே போகாது. வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் கடைக்காரர் தட்டிக் காட்டவேண்டும். "பேசிப் பாக்காம பொண்ணு எடுப்பியா?" என்பார் அவர்.

முத்துச்செல்வியின் கணவர் தணிகாசலம் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கடை அவருக்கு ஒத்துவரவில்லை. மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மருமகள், அவர் பேங்குக்குப் போயிருந்த ஒரு மதியம் ஆர்மோனியம் ஒன்றை விற்றுவிட்டாள். அதன்பிறகு லீவு நாட்களில் சாப்பாடு கொண்டுவருவது தணிகாசலத்தின் வேலையாகிவிட்டது.

கோதண்டம் போனபின் கட்டடம் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவானது. போன வருஷம் இளையவன் பாபு மாடியை ஹாஸ்டலுக்கு விட்டான். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கும் பெண்கள், முக்கால்வாசி தெற்கத்திக்காரர்கள், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்கினார்கள். கீழே தபேலா அதிர்ந்தது.

ஹாஸ்டலைக் கவனித்துக்கொள்ளும் லோகேஷ் வந்து நின்றான். "அக்கா, பொண்ணுங்க தூங்க முடியலன்னு கம்ப்ளெயின்ட். இப்படியே போனா கான்ட்ராக்டர் வேற எடம் பாத்துடுவாரு."

அன்றே வீட்டில் பஞ்சாயத்து.

"அண்ணி, இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா கடைய மெஸ்ஸுக்கு வுட்டுடலாம்," என்றான் பாபு. "கீழ மெஸ், மேல ஹாஸ்டல். கான்ட்ராக்டரே கேட்டுகினு கீறாரு."

தணிகாசலம் இட்லியைப் பார்த்தபடியே, "அவன் சொல்றதும் நாயந்தான," என்றார்.

"நீங்க சட்னி ஊத்திக்கோங்க," என்ற முத்துச்செல்வி, கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "கம்ப்ளெயின்ட் வராது பாபு. போயி வேலையப் பாரு."

மறுநாளிலிருந்து கடையில் சத்தம் இல்லை. மாமனார் சட்டத்தை அவளே மீறினாள். ஆடி பிறந்ததும் வடக்குப்பட்டு பம்பைக்காரர் பிச்சையா புதுப் பம்பை வாங்க வந்தார்.

"இன்னாம்மா, அடிச்சுப் பாக்க வேணாவா?"

"மேல தூங்குறாங்கண்ணா. தோலு நல்லாதான் கீது," என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு அம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் பிச்சையா பம்பையோடு திரும்பி வந்தார். கூடவே முனியம்மாள். வருஷா வருஷம் அம்மன் இறங்குவது அந்த அம்மாள் மேல்தான்.

"எனக்கு ஒரு வருசமும் வராம இருந்தது இல்ல," என்று முனியம்மாள் வாசலிலேயே ஆரம்பித்தாள். "இந்தப் பம்பைக்கு ஆத்தா இன்னா, கோயில் சேவல் கூட திரும்பிப் பாக்கல. நான் கண்ண மூடிகினு கம்பம் மாதிரி நிக்கிறேன். ஊரே சிரிக்குது."

முத்துச்செல்வி வாதாடவில்லை. வேறொரு பம்பையை எடுத்து ஸ்கூட்டரின் முன்னால் வைத்தாள். முனியம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். பிச்சையா தன் சைக்கிளில் தொடர்ந்தார். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினாள். அவர் திருப்பிக் கொண்டுவந்த பம்பையை முதலில் அடிக்கச் சொன்னாள். ஒரு பக்கம் சளி பிடித்தாற்போல் இருந்தது. அமுக்கிப் பார்த்தபோது அது தெரியவில்லை. பிறகு மற்றதை அடிக்கச் சொன்னாள். பிச்சையா வேகம் பிடித்ததும் முனியம்மாளின் கால் நடுங்க ஆரம்பித்தது.

"போதும்யா, நிறுத்து நிறுத்து!" என்று அவளே கத்தினாள். "இங்க எறங்கிட்டா யாரு மலையேத்துறது?"

முத்துச்செல்விக்கு அங்கேயே வழி கிடைத்துவிட்டது. சாயங்காலம் மாடிப்படி ஏறினாள். அதுவரை லோகேஷ் சொன்னதைத்தான் கேட்டிருந்தாள், தூங்குகிறவர்களைக் கேட்கவில்லை. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் கவிப்பிரியா, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "காலைல பஸ் எறக்கிவிட்டதும் குளிச்சு, சோத்தத் தின்னுட்டுப் படுப்போம்க்கா. நாலு மணிக்குத்தான் முழிப்போம். நடுவுல டமடமன்னு இடிச்சா கோவம் வருமா வராதா?"

"வரும்மா. நியாயந்தான்."

அதன்பிறகு காலையில் பெண்கள் படுக்கும்வரை கடையில் வாசிக்கலாம். சாயங்காலம் நாலுக்கு மேலும் வாசிக்கலாம். இடையில் யார் வந்தாலும் ஸ்கூட்டரில் ஏரிக்கரைக்குப் போகவேண்டும். கடையை டீக்கடைக்காரர் பார்த்துக்கொள்வார். ஆர்மோனியத்தை மடியில் வைத்துப் பின்சீட்டில் போனவர்கள் உண்டு. கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனவர்களும் உண்டு. "கடைய மாட்டு வண்டில ஏத்திட வேண்டியதுதான அண்ணி," என்று பாபு கேலி செய்தான். "மாடு கெடைச்சா சொல்லு," என்றாள்.

ஆவணியில் ஒரு நாள் உச்சி வெயிலில் பாபுவும் லோகேஷும் மெஸ்ஸுக்கு அளவெடுக்க டேப்போடு வந்தார்கள். கடையில் ஒரு ஒடிசாக்காரர் தோலக் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்துக்கூட சவுண்டுன்னு பொண்ணுங்க சொன்னாங்கக்கா," என்றான் லோகேஷ்.

"யாரு சொன்னாங்க?"

"எல்லாருந்தான்."

"போயி கேட்டுகினு வா. ஒருத்தி சொன்னாலும் இன்னைக்கே சாவியக் குடுத்துடறேன்." சொல்லிவிட்டு, தோலக்கை ஒடிசாக்காரரிடம் கொடுத்து, வாங்கண்ணா என்று வாசலில் இருந்த ஸ்கூட்டரைக் காட்டினாள். "நீங்க அளந்துகினு இருங்க. வந்துட்றேன்."

லோகேஷ் மேலே ஓடினான். வண்டி கிளம்புமுன் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் பெண்களின் குரல்கள்.

"எந்தப் பாவிடா அது?"

"அந்த அக்கா சத்தம் போடுறாங்கன்னு சொன்னீங்கல்ல? அதான் கேக்க வந்தேன்..."

"அவுக எங்கண்ணே எழுப்புனாக?" அது கவிப்பிரியா. "நீங்கதான எழுப்புதீக! ராத்திரி பூரா நின்னுட்டு வந்து இப்பத்தான் கண்ண மூடினோம். கம்ப்ளெயின்ட் எழுதணும்னா ஒங்க பேர்லதான் எழுதணும்."

பாபு டேப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றான். மறுமுனை அலமாரிக் காலடியில் கிடந்தது.

கவிப்பிரியா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு பாதிப் படி இறங்கி எட்டிப் பார்த்தாள். "எங்கக்கா போறீக இந்த வெயில்ல? எல்லாரும் முழிச்சாச்சு. இங்கயே அடிச்சுப் பாருங்க."

முத்துச்செல்வி வண்டியை அணைத்தாள். "பாபு, அந்த டேப்பச் சுருட்டு. அவரு உக்கார எடம் வேணும்."

பாபு சுருட்டினான். ஒடிசாக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தோலக்கை மடியில் சாய்த்து இரண்டு கையாலும் தட்டினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வலது பக்கச் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இது வேணாம்ணா," என்று சொல்லி, இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேலடுக்கில் இருந்த இன்னொன்றை இறக்கினாள்.